கூடாரத்தோடு கோடியக்கரைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கக் கடலை ஒட்டித் தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கரை, நாகை மாவட்டத்தின் கடைசி முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பம்தான் கோடியக்கரை. ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. நடுவில் பாலை மரங்கள் நிறைந்த காடு, வெளிமான் மேயும் புல்வெளி, அதற்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வேதாரண்யம் சதுப்பு. 1967-இல் சரணாலயமானது. 2002-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் 2022 வரை தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் இடம் இதுதான். காடு, புல், சேறு, கடல் நான்கையும் ஒரு சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்துவிடலாம் என்பதால், கடலோரக் காட்டுயிர் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். சரணாலயத்துக்குள் கூடாரம் அடிக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும். தீ மூட்டுவது, குப்பை போடுவது, விலங்கைச் சீண்டுவது எல்லாமே குற்றம். ஆகவே இந்தப் பயணத்தின் அமைப்பு எளிது: இரவு வெளியே, விடியலும் அந்தியும் உள்ளே. நடுப்பகலில் எதையும் பார்க்க முயலாதீர்கள், நிழலில் படுத்துத் தூங்குங்கள்.

எப்போது போகலாம்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும். அதை நம்பி அக்டோபர், நவம்பரில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை. புயல் வரும் காலமும் அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. சுற்றுவட்டாரத்தின் தென்னந்தோப்புகள் பாதிக்கு மேல் சாய்ந்துபோன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மழை முடிந்ததும் சதுப்பில் நீர் மெல்ல வடியத் தொடங்கும். பூநாரைக்கும், சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கும் வேண்டியது அந்த அரையடி, ஓரடித் தண்ணீர்தான். மார்ச்சுக்குப் பிறகு சேறு காய்ந்து உப்புப் பொருக்காகிவிடும், வெயிலும் தாங்காது. ஆண்டுக்கு ஆண்டு மழை மாறுவதால் பறவைகள் நிற்கும் இடமும் மாறும். போன ஆண்டு யாரோ எடுத்த படத்தைக் காட்டி, அதே இடத்தில் அதே கூட்டம் வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை.

எங்கே தங்கலாம்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வனத்துறையின் ஓய்வில்லம். நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு வெகு முன்பே நிரம்பிவிடும். இரண்டாவது, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேதாரண்யத்தில் விடுதி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே நல்லது, கூடாரத்தை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் நம் விஷயம்: சரணாலய எல்லைக்கு வெளியே யாருடைய தோப்பிலாவது உரிமையாளரைக் கேட்டுக் கூடாரம் அடிப்பது. மாலை ஐந்து மணிக்குப் போய் இருட்டில் இடம் தேடாமல், பகலிலேயே போய்ப் பேசுங்கள். "அண்ணே, மூணு நாள் தங்கிக்கலாமா, விறகு அடுப்பு மூட்ட மாட்டோம், குப்பையை நாங்களே எடுத்துட்டுப் போயிடுவோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிணறு எங்கே, கழிப்பிடம் எங்கே என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எல்லை எங்கே முடிகிறது என்பதில் சந்தேகம் வந்தால் வனத்துறையிடம் கேளுங்கள். தோப்புக்காரர் சொல்வது மட்டும் போதாது.

தென்னை மரத்துக்கு நேர் கீழே கூடாரம் போடாதீர்கள். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். இரவில் வாடைக்காற்று அடிக்கும்போது விழும் ஒரு தேங்காயோ மட்டையோ போதும். மாமரம், புளியமரம் பரவாயில்லை. கடற்கரை மணலிலும் வேண்டாம். கரைக்குக் கூடு வைக்க வரும் ஆமைக்கு அது தொந்தரவு, காற்றில் உங்களுக்கும் தூக்கம் வராது.

மூட்டை கட்டுவது

மணற்பாங்கான மண்ணில் சாதாரண முளை பிடிக்காது. நான்கைந்து பழைய அரிசிச் சாக்கு கொண்டுபோய், மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. டிசம்பர், ஜனவரியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதனால் கூடார வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும். பனி நன்றாகவே இறங்கும். மேல்விரிப்பு இல்லாமல் படுத்தால் விடியும்போது போர்வை நனைந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு, குளிக்கத்தான் ஆகும். வேதாரண்யத்திலேயே இருபது லிட்டர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுவார்கள். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலோடு இறங்கினால் சிப்பி கிழிக்கும். கயிறு கட்டும் பழைய கான்வாஸ் ஷூ ஒன்று போதும், நனைந்தாலும் கவலையில்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, கொசுவர்த்தியைவிட நன்றாக வேலை செய்யும் பூச்சுக் களிம்பு. உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். திறந்த வெளியில் வெள்ளைச் சட்டை வெகுதூரத்திலிருந்தே தெரியும்.

பைனாகுலரில் 8 மடங்கு பெரிதாக்கும் 42 மில்லிமீட்டர் கண்ணாடி தொடக்கக்காரர்களுக்குச் சரி. 10, 12 என்று ஆசைப்பட்டால் கடற்காற்றில் கை ஆடும். சதுப்புப் பறவைகள் தூரத்தில் நிற்கும் என்பதால் முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி யாரிடமாவது இருந்தால் கெஞ்சியாவது கூட்டி வாருங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சரணாலயத்தில் அதற்கு இடமில்லை.

சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு. விறகு பொறுக்குவது, கரையில் ஒதுங்கிய கட்டையை எரிப்பது எல்லாம் வேண்டாம். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் சமையல் தலைவலியே இல்லை. மீன் வேண்டுமென்றால் காலையில் கோடியக்கரை இறங்குதளத்துக்குப் போகலாம். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை மற்ற ஊர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்யும் இடம் அது. வலையிலிருந்து உதறிப்போட்ட கழிவில் கடற்பாம்பும் சொறிமீனும் கிடக்கும். செத்ததுதானே என்று எடுத்துப் பார்க்காதீர்கள்.

முதல் மாலை: உப்பளம்

ரயிலில் வருகிறவர்கள் திருத்துறைப்பூண்டியில் மாறி அகத்தியம்பள்ளி வரை வரலாம். 2023-இல் அந்தத் தடம் அகலப்பாதையாகி மறுபடி வண்டி ஓடுகிறது. பேருந்தில் வருகிறவர்களுக்கு நாகையிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்கு வண்டி உண்டு. எப்படி வந்தாலும், முதல் நாள் மதியத்துக்கு மேல் காட்டுக்குள் ஓடாதீர்கள். கூடாரத்தைப் போட்டுவிட்டு அகத்தியம்பள்ளி உப்பளத்தில் தொடங்குங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடத்திவந்த உப்புச் சத்தியாகிரக யாத்திரை முடிந்த இடம். நினைவுத்தூண் அங்கேதான் நிற்கிறது.

உப்பளத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பறவைகள் பாதைக்கு அருகில் நிற்கும், அதனால் கண் பழகும். எல்லாப் பாத்தியையும் பார்த்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். கடல்நீர் முதலில் பெரிய தேக்கத்தில் வந்து நிற்கிறது. அங்கே இன்னும் மீன் குஞ்சும் புழுவும் உண்டு, கொக்கும் ஆலாவும் கூழைக்கடாவும் அங்கேதான். அடுத்தடுத்த பாத்திகளில் உப்பு ஏற ஏற மீன் போய், உப்பு நீரில் வாழும் சிற்றிறால் மட்டும் மிஞ்சும். உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளும் சில சமயம் பூநாரையும் அங்கே. கடைசியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த பாத்தியில் பறவைக்கு இரையே இல்லை, அதைப் படம் மட்டும் எடுக்கலாம். அளங்கள் பிறர் தொழில் செய்யும் இடம். வரப்பில் ஏறாமல் சாலையில் நின்றே பாருங்கள்.

சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் மிகச் சிறிய பறவை கொசு உள்ளான். எடை இருபது, முப்பது கிராம்தான், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எந்த உள்ளான் எது என்று முதல் நாளே பிரித்தறிய முயன்றால் மனம் சோர்ந்துவிடும். அலகு நீளம், கால் நிறம், ஓடி நிற்கிறதா நடந்துகொண்டே கொத்துகிறதா, இந்த மூன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓடி, நின்று, கொத்தினால் உப்புக்கொத்தி. நிற்காமல் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அன்றைக்கு இது போதும்.

இரண்டாம் நாள் விடியல்: புல்வெளியும் காடும்

கோடியக்காடு சோதனைச்சாவடியில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எந்தத் தடத்தில் வண்டி போகலாம், வழிகாட்டி கிடைப்பாரா என்பதை முதல் நாள் மாலையே கேட்டு வைத்துவிட்டு, திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசுதான் இந்தப் பயணத்தில் நன்றாகச் செலவாகும் காசு. நேற்று வெளிமான் எங்கே மேய்ந்தது, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பது எந்தச் செயலியிலும் கிடைக்காது.

முதலில் புல்வெளிக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள் வெளிமான் கூட்டம் திறந்த வெளியில் இருக்கும். பெட்டையும் குட்டியும் வெளிர்பழுப்பு. வளர்ந்த கலை, அதாவது ஆண் மான், மேலே கருமையும் கீழே வெண்மையுமாக, முறுக்கிய கொம்போடு தனித்து நிற்கும். தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற ஆணை உள்ளே விடாது. நெருங்கிப் போனால் ஓடிவிடும். அது ஓடும் வேகத்துக்கு உங்கள் கேமரா ஈடுகொடுக்காது. வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள், நடந்து போனால் உட்கார்ந்துவிடுங்கள். அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவர்கள் பார்ப்பதை, அலைந்தவர்கள் பார்ப்பதில்லை. இங்கே சுற்றும் மட்டக் குதிரைகள் அழகாக இருந்தாலும் காட்டு விலங்கல்ல, எப்போதோ வளர்ப்பிலிருந்து விடுபட்டவற்றின் வாரிசுகள். அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. ஓரங்களில் முளைத்துப் பரவும் சீமைக் கருவேலமும் வெளிமானுக்குப் பகை.

வெயில் ஏறியதும் காட்டுக்குள் நிழல். இந்தக் கடலோர உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகவும் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பவை துண்டு துண்டுகள், அவற்றில் பெரியவற்றுள் ஒன்று இது. மரம் உயரமில்லை, ஆனால் நெருக்கம். ராமர் பாதம் என்ற மேட்டில் சிறு மண்டபம் உண்டு. சுற்றிலும் தட்டையான பூமி என்பதால் அந்தச் சின்ன மேட்டிலிருந்தே வெகுதூரம் தெரியும். குளிர்காலத்தில் புதரடியில் சருகைக் கிளறும் பல நிறச் சிறு பறவை தென்பட்டால் அது தோட்டக்கள்ளன். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்றும் சொல்வார்கள். அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது கெட்ட பழக்கம். வலசையில் களைத்து வந்த பறவையை வீணாக ஓடவிடும் வேலை அது.

குரங்குகளிடம் கவனம். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். தின்பண்டம் கொடுக்கவும் வேண்டாம், வெளியே தெரியும்படி வைக்கவும் வேண்டாம்.

அன்று மாலையும் மறுநாள் காலையும்: சதுப்பு

சதுப்பு சாலைக்கு மேற்கே இருக்கிறது. காலையில் போனால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் எதிரே வந்துவிடும். நிழலுருவப் படம் எடுக்கிறவர்களுக்கு அது வாய்ப்பு, அடையாளம் காண முயல்கிறவர்களுக்குத் தொல்லை. பூநாரை பார்க்க வேண்டுமென்றால் காலையையே ஒதுக்குங்கள்.

பாக் நீரிணையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் சதுப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பதில் மழைக்கும் காற்றுக்கும் பங்கு அதிகம். காற்று ஒரு திசையில் அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கி, இந்தப் பக்கம் சேறு வெளிப்படும். பறவைகளும் கூடவே நகரும். காலையில் மீனவர்களிடமோ வனக் காவலர்களிடமோ "இன்னிக்குக் காத்து எப்படி, தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முனியப்பன் ஏரிப் பக்கம் வழிகாட்டியே கூட்டிப் போவார்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளி, பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி எடுக்கும். அந்த உணவில் உள்ள நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள், வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டம் தலை தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகக் கைதட்டும் ஆட்களை இன்னும் பார்க்க முடிகிறது. எரிச்சலாக இருக்கும், மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

பறவையின் காலில் வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்ந்து வருகிறது. நீங்கள் அனுப்பும் ஒரு குறிப்பும் அவர்களுக்கு உதவும்.

சதுப்பில் இறங்கி நடக்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே முழங்கால் சேறு. இருக்கும் தடத்தை விட்டு விலகுவதற்கு எந்தப் பறவையும் தகுதியானதல்ல.

இரவில்

நரி ஊளையிடும். பயப்பட ஒன்றுமில்லை, கூடாரத்துக்கு வெளியே மீன் தலை, எலும்பு கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டியது பாம்புக்குத்தான். கூடார ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், ஷூவைக் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், டார்ச் இல்லாமல் கழிப்பிடத்துக்கும் போகாதீர்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும், கடித்த வலிகூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டால் அறுப்பது, இறுகக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க ஏழெட்டு வாரம். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பார்க்க ஆசையிருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள், அவர்களோடு மட்டுமே போங்கள். குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் நகரும். இயல்பாக அது கடல். நீங்கள் டார்ச்சோ அலைபேசி விளக்கோ அடித்தால் உங்களை நோக்கி வரும். தவிர்க்க முடியாவிட்டால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டுங்கள். கரையேறும் ஆமைக்கு முன்னால் போகவே கூடாது. மிரண்டு திரும்பிவிடும். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகு பின்புறமாகச் சற்று விலகி நிற்கலாம். ஃபிளாஷ் கிடையாது.

நேரம் மிஞ்சினால்: முத்துப்பேட்டை

மூன்றாம் நாள் பகலை வீணாக்காமல் திரும்பும் வழியில் முத்துப்பேட்டைக்குப் போகலாம். ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறை படகில் கோரையாற்று வழியாகக் காயல் வரை போய் வரலாம். பெரும்பாலும் ஒரே மரம்தான், அலையாத்தி. கரையோரச் சேற்றில் விரல் விரலாக மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வேருக்கு மூச்சு அவை வழியாகத்தான். இலையின் அடியைத் தடவி நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் தடுத்ததுபோக உள்ளே வந்த உப்பை மரம் இலை வழியே கக்கிவிடுகிறது. படகுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், காற்று பலமாக இருந்தால் விடமாட்டார்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கடற்புல் மேய்ந்து வாழ்வது. அதைக் காட்டுகிறேன் என்று யாராவது படகுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஊர் திரும்பிய அன்றே கூடாரத்தையும் முளைகளையும் ஷூவையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். பைனாகுலரை ஈரத்துணியால் மென்மையாகத் துடையுங்கள், மணலோடு தேய்த்தால் கண்ணாடி போய்விடும். கூடார ஜிப்பில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்து வைத்தால், அடுத்த டிசம்பரில் உப்பு பிடித்து இறுகாமல் இருக்கும்.